டைமர் ஓடி முடியும் முன்

"இன்னும் சாகலையா? கழுத்தைத் திருகிப் போட்டுட்டு வா" என்றார் மேலாளர்.

அவர் சொன்னது சர்வரை. கஷ்டத்தில் இருப்பவர்கள் காவல்துறைக்கு எழுதி உதவி கேட்கும் இணையதளம் ஓடுவது அதில்தான். புது மென்பொருளை ஏற்ற, பழையதை நிறுத்தியாக வேண்டும்.

நிறுத்தும் வேலை அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒரு பெண்ணுடையது. புதிதாக யாரையும் உள்ளே விடாமல், இருப்பவர்கள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தாள். எல்லோரும் போய்விட்டார்கள். ஒரே ஓர் இணைப்பு மட்டும் மிச்சம்.

அந்த ஆள் எழுதுவார், நிறுத்துவார். சும்மா இருந்தால் டைமர் ஓடி முடிந்து இணைப்பு தானாக அறுந்துவிடும். ஆனால் அறுந்துவிடும் என்று நினைக்கும்போதெல்லாம் இன்னும் நாலு எழுத்து வந்து விழுந்தது. டைமர் மறுபடி முதலிலிருந்து ஓடியது.

டைமரைக் குறைத்து வை என்றார் மேலாளர். அவள் மாட்டேன் என்றாள்.

"பாதியில அறுத்தா அவங்க எழுதினதெல்லாம் போயிடும் சார்."

"போகட்டுமே. யாரோ வேலைவெட்டி இல்லாத ஜென்மம்."

உனக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். நடுவில் வீட்டுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்து இவள்மேல் கொட்டினார். கடைசியில் அவள் நாற்காலியைப் பின்னால் இழுத்து, தானே நிறுத்தப் போனார்.

அவள் கீபோர்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "வேலையை விட்டுப் போறேன் சார். ஆனா இது முடிஞ்சப்புறம்தான்."

மேலாளர் பல்லைக் கடித்தபடி நின்றார். சற்று நேரத்தில் எழுதியது முழுதும் போய்ச் சேர்ந்து, அந்த இணைப்பு தானாக மூடிக்கொண்டது. சர்வர் அமைதியாக அணைந்தது.

புதுசை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போ, நாளையிலிருந்து இந்தப் பக்கம் தலைகாட்டாதே என்றார். அவள் ஏற்றினாள். சோதித்துப் பார்த்துவிட்டுப் பையை எடுத்தபோது, பெண் காவலர்கள் இருவர் உள்ளே வந்து மேலாளர் யார் என்று கேட்டார்கள்.

புதுத் தளத்தைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று அவர் முகம் மலர்ந்தது. அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க மேடம். எல்லாம் எப்பவோ முடிஞ்சிருக்கும், இந்தப் பொண்ணாலதான் லேட்டு."

காவலர் உட்காரவில்லை.

"உங்க மனைவி எல்லாத்தையும் எழுதி முடிச்சிட்டாங்க, கிளம்புங்க."