அவிழ்த்த நாடா

"நீ உள்ளே வராதேம்மா. இந்த பெஞ்சிலேயே உட்காரு."

நெசாகெத் இப்படி அதட்டியபோது, எலும்பு சிகிச்சைப் பிரிவின் தாழ்வாரத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாளைக்கு ஆபரேஷன். டாக்டர் என்ன சொல்றார்னு நானும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேனே கண்ணு," என்றாள் குலிசார். துருக்கியின் சிவாஸ் நகருக்கு அப்பாலுள்ள மலையூரிலிருந்து ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தாள். மடியில், பாலாடைக்கட்டி வைத்துச் சுருட்டிய ரொட்டிப் பொட்டலம்.

"கேட்டு என்ன பண்ணப் போற? உனக்கு ஒண்ணும் புரியாது. உன்னை யாரு வரச் சொன்னா?"

நாற்பத்தொரு வயது மகள், அடிக்கு அடி ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து, டாக்டரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பக்கத்தில் கைக்குழந்தையோடு இருந்த எல்வானுக்குப் பொறுக்கவில்லை. கணவனின் முறிந்த கைக்கு மாவுக்கட்டுப் போட்டு முடியும்வரை அவள் காத்திருக்க வேண்டியிருந்தது.

"பெத்தவகிட்ட பேசற பேச்சா இது பெரியம்மா? என் மக நாளைக்கு இப்படிப் பேசட்டும், சூப்பு கிடையாது, ரொட்டி கிடையாது. இப்பவே சொல்லி வச்சிட்டேன்."

குலிசார் மடியிலிருந்த பொட்டலத்தை நேராக்கி வைத்தாள்.

உள்ளே, டாக்டர் துன்ஜாய் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார்.

"கிண்ணம் மாதிரி இருக்க வேண்டிய இடுப்புக் குழி, உங்களுக்குத் தட்டு மாதிரி இருக்கு டீச்சர். தொடை எலும்போட உருண்டை அதுல உட்காரவே இல்ல. மேலே ஏறி, தானா ஒரு இடம் பிடிச்சிருக்கு."

"நாற்பது வருஷமாக் குடியிருக்கு. இப்ப காலி பண்ண வைக்கப் போறீங்க."

டாக்டர் சிரித்தார். "ஆமா. செயற்கைக் கிண்ணத்தை, இருக்க வேண்டிய பழைய இடத்துலயே வைப்போம். அதுக்கு மேல கூரை போதாது. வெட்டி எடுக்கற உங்க உருண்டையிலேருந்தே ஒரு துண்டைத் திருகாணி போட்டுக் கூரையாக்கிடுவோம். ஆனா காலை ஒரேயடியா அஞ்சு சென்டிமீட்டர் கீழே இழுத்தா நரம்பு தாங்காது. பாதம் செயலிழந்து தொங்கிடும். அதனால தொடை எலும்பைக் குறுக்கே வெட்டி, ஒரு துண்டை எடுத்துட்டு, திரும்பச் சேர்ப்போம்."

"அப்புறம் சாயாம நடப்பேனா?"

"கொஞ்சம் சாய்வு மிஞ்சலாம். வலி குறையும்." டாக்டர் பேனாவை எடுத்தார். "குழந்தையில உங்களைத் துணியில இறுக்கிக் கட்டி வளர்த்தாங்களா?"

நெசாகெத் திரும்பிக் கதவை ஒருமுறை பார்த்தாள்.

"பத்து மாசம். ஈரம் உறிஞ்சறதுக்குச் சலிச்சுச் சூடாக்கின மண்ணை அடியில பரப்பி, காலை நீட்டி, நாடா போட்டு. கால் நேரா வளரணுமாம். ஊர்லயே அம்மா கட்டினாத்தான் கட்டுன்னு முன்னெல்லாம் பெருமையாச் சொல்வாங்க. இப்ப அந்தப் பேச்சே இல்ல. வயசாயிடுச்சு, மறந்திருப்பாங்க."

"குழி பிறவியிலேயே ஆழம் குறைவா இருந்திருக்கலாம். கட்டு அதை மோசமாக்கியிருக்கும்."

"தெரியும் டாக்டர். படிச்ச காலத்துலயே தெரிஞ்சுக்கிட்டேன். நீங்க இதைக் கேட்பீங்கன்னுதான் அம்மாவை வெளியே விரட்டினேன். நாளைக்கு நான் மயக்கத்துல கிடக்கும்போது யாராவது அவங்ககிட்ட இதைச் சொல்லிட்டா..." அவள் மறுபடி கதவைப் பார்த்தாள். "தாங்க மாட்டாங்க டாக்டர்."

"தாள்ல உள்ளதை உள்ளபடி எழுதியாகணும். வாயால யாரும் சொல்ல மாட்டோம்."

வெளியே வந்தவள், அம்மா கேட்பதற்கு முன்பே சொன்னாள்:

"பிறவியிலேயே வந்ததாம். யார் மேலயும் தப்பில்லயாம்."

"அப்படியா கண்ணு? அல்லாஹ் கொடுத்தது, என்ன செய்ய," என்றாள் குலிசார்.

நெசாகெத் ரத்தப் பரிசோதனை அறையை நோக்கிச் சாய்ந்து சாய்ந்து போனாள். அவள் முகத்தில், வந்தபோது இல்லாத ஓர் அமைதி இருந்தது.

எல்வானின் குழந்தை வீறிட்டது.

"இங்கே கொடு," என்று குலிசார் அதை வாங்கினாள். கழுத்திலிருந்து குதிகால்வரை இறுக்கிச் சுற்றியிருந்த துணியின் நாடாவை அவிழ்த்தாள். விறைப்பாக நீட்டிக் கட்டியிருந்த இரண்டு கால்களும் தவளைக் கால்கள் போல விரிந்தன. அழுகை நின்றது.

"ஐயோ பெரியம்மா! கால் வளைஞ்சிடும்னு என் மாமியார் கட்டிவிட்டது. அவிழ்த்தா என்னைக் கொன்னுடுவாங்க!"

"திட்டட்டும். கால் இப்படியே விரிஞ்சு கிடக்கட்டும். இனிமே யாரையும் கட்ட விடாதே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊரே மெச்சற மாதிரி நான் ஒருத்தியைக் கட்டினேன்." குலிசாரின் கண்கள் தாழ்வாரத்தின் கோடியில், சாய்ந்து போகும் உருவத்தின் மேல் இருந்தன. "அவ இப்படிச் சாய்ஞ்சு நடக்கறது என்னாலதான்னு, ஊருக்கு வந்த நர்ஸ் சொல்லி முப்பது வருஷமாச்சு."

எல்வான் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "இது உங்களுக்குத் தெரியும்னு அவங்ககிட்ட..."

குலிசார் நாடாவைச் சுருட்டி ரொட்டிப் பொட்டலத்துக்கு அடியில் ஒளித்தாள்.

"எனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் அவ இந்தப் பாடுபடறா. காலைக் கெடுத்தது போதும்மா. அந்த நிம்மதியையுமா நான் கெடுக்கணும்?"