கூட்டத்தில் ஓர் ஆள்

“இன்னிக்கு ஒரு சாமான்கூட உன் பைக்குள்ள ஏறாது. நான் பக்கத்துலயே நிக்கப்போறேன், பார்க்கலாம்” என்றார் லிப்ட் மெக்கானிக், சந்தைத் தெருவின் முனையிலேயே மனைவியை நிறுத்தி.

“சரிங்க” என்றாள் அவள்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. சனிக்கிழமைதோறும் காய்கறி வாங்கப் போகிறவள், காய்கறியோடு ஏதாவது ஒரு சாமானையும் தூக்கி வருவாள். முட்டையை வட்டவட்டமாக அறுப்பது, மாதுளையை உதிர்ப்பது, பூண்டு நசுக்குவது. சமையலறை மேல்தட்டில் பூண்டு நசுக்குவது மட்டுமே மூன்று கிடந்தன. வாயாடி வியாபாரி எவனிடமோ வாராவாரம் ஏமாறுகிறாள் என்பது அவர் தீர்ப்பு.

“மறுபடியும் சொல்றேன். இன்னிக்கு நீ ஏதாவது வாங்கினா, அடுத்த வாரத்துலேர்ந்து சந்தைக்கு நான் மட்டும்தான் வருவேன். நீ வீட்டுலயே இரு.”

“வாங்கலைன்னா?”

“இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்.”

அவள் வீட்டை விட்டு வெளியே தலைகாட்டுவதே அந்த ஒரு காலைப்பொழுதில்தான். பையைத் தோளில் இழுத்து மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

மெக்கானிக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எது எப்படி வேலை செய்கிறது என்று யாருக்காவது விளக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்குக்கூட, ஏன் மாட்டிக்கொண்டார்கள் என்று வெளியே நின்று முழுக்க விளக்கிவிட்டுத்தான் கதவைத் திறப்பார். உள்ளேயிருந்து வரும் வசவுகளை அவர் சந்தேகக் கேள்விகளாக எடுத்துக்கொள்வார்.

சந்தையில் பல தேசத்து மனிதர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போனார்கள். செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் மிளகாய்க் குவியல், அதன் தலைக்கு மேல் தொங்கும் கம்பளம். பாஷை புரியாதவர்கள் விரலை மடக்கி நீட்டி விலை பேசினார்கள். நடுவே சிவப்புத் தொப்பிக்காரன் ஒருவன் மேசை போட்டு, காய் சீவும் பலகை விற்றுக்கொண்டிருந்தான். நாலு மொழியில் மாறிமாறிக் கூவினான். சுற்றிலும் சின்னக் கூட்டம்.

மனைவி நின்றாள்.

“பாரு, நின்னுட்டே! இங்கதான் சூட்சுமமே இருக்கு. சத்தமாவே சொல்றேன், இவனுக்கு நம்ம பாஷை தெரியாது. கூட்டத்துல இவனோட ஆளு ஒண்ணு கலந்து நிக்கும். பார்த்தா நம்மள மாதிரிதான் இருக்கும். ஒண்ணும் தெரியாத மாதிரி, சரியான நேரத்துல ஒரு கேள்வி கேக்கும். கேட்டதும் எல்லாருக்கும் வாங்கணும்னு ஆசை வந்துடும்.”

“அடேயப்பா! யாருங்க அது?”

“அதோ, தலையில ஊதாத் துணி கட்டின அம்மா.”

அந்த அம்மாள் உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்ந்தாள்.

“இல்ல, அந்தக் கைத்தடிக்காரர். முழியே சரியில்ல பாரு.”

கைத்தடிக்காரர் பெரிதாகக் கொட்டாவி விட்டுவிட்டுப் போனார்.

“இதுல தக்காளி சீவினா நசுங்காதா?” என்று மனைவி, எல்லோருக்கும் புரியும் அந்த ஊர் மொழியில் பொதுவாகக் கேட்டுவைத்தாள்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. தொப்பிக்காரன் தலையைச் சொறிந்தான். “நசுங்காதும்மா. அது... அது ஒரு மந்திரம்.”

மெக்கானிக்குக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “மந்திரமாவது மண்ணாங்கட்டியாவது! இங்க குடு அதை” என்று அதே மொழியில் கத்திக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து போனார்.

“எல்லாரும் பாருங்க. பிளேடு எப்படி இருக்கு? சாய்ஞ்சு இருக்கு. தக்காளி மேல கத்தியை வெச்சு அமுக்கினா நசுங்கும். இழுத்தா அறுபடும். இல்லையா? இதுல நீங்க நேராத் தள்ளினாலும், பிளேடு சாய்வா இருக்கிறதால, தக்காளி அது மேல வழுக்கிக்கிட்டே போகுது. அந்த இழுக்கிற வேலையைச் சாய்வே செஞ்சுடுது. அவ்வளவுதான் விஷயம்!”

சீவிக் காட்டினார். கண்ணாடித்தாள் மாதிரி துண்டுகள் விழுந்தன. “ஓ!” என்றது கூட்டம். அந்த “ஓ”வுக்காக அவர் ஒரு வண்டித் தக்காளியைக்கூடச் சீவியிருப்பார்.

“கை அறுபட்டுடாதுங்களா?” என்றாள் மனைவி பின்வரிசையிலிருந்து.

“நல்ல கேள்வி! அதுக்குத்தான் இந்த மூடி.”

“கேரட்டு?”

“பேஷா!”

கூட்டம் இரட்டித்தது. ஊதாத் துணிக்காரி திரும்பி வந்து இரண்டு வாங்கினாள். தொப்பிக்காரன் கூவுவதை நிறுத்திவிட்டு, எடுத்து எடுத்துக் கொடுப்பதை மட்டும் பார்த்துக்கொண்டான். மேசைக்கடியில் இருந்த பெட்டிகள் காலியாகிக்கொண்டே வந்தன.

கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்த மெக்கானிக், மனைவியின் பைக்குள் எட்டிப் பார்த்தார். காலி.

“சரி, நீ ஜெயிச்சுட்டே. இனிமே கேக்க மாட்டேன். எல்லாம் என் விளக்கத்தோட மகிமை! ஒரு விஷயம் புரிஞ்சுட்டா ஏமாற மாட்டோம்” என்றார் பெருமையாக. “என்ன, அவனோட ஆளு யாருன்னுதான் கண்டுபிடிக்க முடியல. இன்னிக்கு லீவு போலிருக்கு.”

பத்தடி நடந்திருக்க மாட்டார்கள். பின்னாலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தான் தொப்பிக்காரன், கையில் இரண்டு பலகைகளோடு.

“அக்கா! கூலியை மறந்துட்டுப் போறீங்களே” என்றான், சுத்தமான தமிழில். ஒன்றை வழக்கம்போல அவள் பைக்குள் போட்டான்.

“நான் ஒண்ணும் வாங்கலைங்க, அவங்களாத்தான் தர்றாங்க” என்றாள் மனைவி அவசரமாக.

மற்றொன்றை மெக்கானிக்கின் கையில் திணித்தான் தொப்பிக்காரன். “இது உங்களுக்கு சார். புது ஆளுக்கு முதல் நாள் கூலி!”