முதலில் விழுங்குகிறவள்

இன்றைக்காவது அவளுக்கு வாந்தி வராமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பொற்செல்வி மருத்துவரின் அறைக்குள் நுழைந்தாள். அந்த ‘அவள்’, ஆஸ்பத்திரிக் கணினிக்குள் வாழும் பொற்செல்வியின் நகல். பொற்செல்வியின் உள்ளங்காலில் மச்சம் வந்தபோது அதிர்ஷ்டம் என்று வீடே கொண்டாடியது. அது புற்றுநோயாகி நுரையீரல்வரை பரவிய பிறகு, ஒவ்வொரு புது மருந்தையும் நகல்தான் முதலில் விழுங்கித் துடித்தது. அது தாங்கிய மருந்து மட்டுமே இவளுக்கு வந்தது.

“நகலுக்கு ஆன மாதிரியே உங்களுக்கும் கட்டி சுத்தமா கரைஞ்சிடுச்சும்மா,” என்றார் டாக்டர் இமானுவேல். “நிஜமாவே உங்களுக்கு மச்சம்தான்!”

பொற்செல்வி வாய்விட்டுச் சிரித்தாள்.

“இனி அந்த நகலுக்கு டோஸை ஏத்திக்கிட்டே போய், எதுல சாகுதுன்னு பாக்கணும். அடுத்து வர்றவங்களுக்கு உதவும். சரின்னு சொல்லுங்க.”

“வேணாம் டாக்டர்,” என்றாள் மெதுவாக. “அவளுக்கும் குணமாயிடுச்சு. அவளையும் டிஸ்சார்ஜ் பண்ணிடுங்க.”