என்னைக் கூப்பிடு

"போன் சாகலம்மா. டவர்தான் சாகப் போகுது. அதுக்கு நான் என்ன ஊசி போடறது?" என்றான் சிகோண்டி.

மமெலோடி டாக்ஸி நிலையத்துக்கு எதிரே, பழைய கண்டெய்னர் ஒன்றில் போன் பழுது பார்க்கிறவன் அவன். மாபுலா நீட்டிய பொத்தான் போனை அவன் கையில்கூட வாங்கவில்லை. மாத முடிவோடு பழைய டவர்களை நிறுத்தப் போகிறார்கள் என்று ரேடியோவில் சொல்லிச் சொல்லி ஊருக்கே மனப்பாடம். அப்புறம் இந்த மாதிரி போனெல்லாம் வெறும் டார்ச் லைட்தான்.

"சிம்மைக் கழட்டிப் புதுப் போன்ல போட்டுக்குங்க. நம்பர் மாறாது."

"எனக்கு அது போதும். அந்த ஆளுக்கு?"

"எந்த ஆளு?"

மாபுலா வாயைத் திறக்குமுன் பக்கத்து நாற்காலியில் இருந்த செபொலாய் முந்திக்கொண்டாள். அடுத்த வீட்டுக்காரி. தெருவில் யார் அடுப்பில் என்ன வேகிறது, யார் கட்டிலில் எத்தனை நாளாக ஒற்றைத் தலையணை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எந்தச் சேதியும் அவள் வயிற்றில் ஒரு பகல் தங்காது.

"இவ புருஷன் லெசிபாவைச் சொல்றா. மக்வின்யா பலகாரம் சுடற பெரிய சட்டியை இவளைக் கேக்காம வித்து, கார் ஸ்பீக்கர் வாங்கிட்டு வந்தாரு மகராசன். கார் கிடையாது, ஸ்பீக்கர் மட்டும்! இவ துடைப்பத்தை எடுத்தா. அவரு ருஸ்டன்பர்க் சுரங்கத்துக்குப் போயிட்டாரு. ஒன்பது வருஷம் ஆச்சு."

"போனவரு வெள்ளிக்கிழமை தவறாம 'என்னைக் கூப்பிடு' அனுப்பறாரு தம்பி" என்றாள் மாபுலா. சொல்லும்போது முகத்தில் ஒரு மினுக்கல்.

சிகோண்டி சிரித்துவிட்டான். போனில் காசில்லாதவர்கள் காசுள்ளவர்களுக்கு இலவசமாகத் தட்டிவிடும் செய்தி அது. பேச்சுக்கான செலவு, திருப்பிக் கூப்பிடுகிறவர் தலையில். "பொண்ணுங்கதானே ஆம்பளைக்கு அனுப்புவாங்க? இது என்னம்மா தலைகீழா இருக்கு?"

"அதான் நான் கூப்பிடல. அக்காதான் சொன்னாங்க, ஆம்பளைன்னா ஒரு ராண்டு செலவு பண்ணிப் பேசட்டும், நீயா கூப்பிட்டா தலைமேல ஏறி உக்காந்துக்குவான்னு."

"சொன்னேன். இல்லேன்னா சொல்றேன்?" என்றாள் செபொலாய். குரல் வழக்கத்தைவிட ஒரு படி இறங்கியிருந்தது.

"அப்ப எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுது. ஆனா ரெண்டு போனும் ஒரே நாள்ல, ஒரே கடைல வாங்கினது தம்பி. அவரு புதுசு வாங்கற ரகம் இல்ல. டவர் நின்னுட்டா எதுல அனுப்புவாரு? மனுஷன் இருக்காரா இல்லையான்னு அந்த ஒரு வரிலதான் நான் தெரிஞ்சுக்கறேன்."

"நின்னா நிக்கட்டும்டி! ஒன்பது வருஷமா ஒரே வரி. மாட்டு வியாபாரிகூட இதைவிடப் பேசுவான். அப்பாடான்னு தலை முழுகு."

டவரை நிறுத்துவது நல்ல சமாச்சாரம் என்று தெருவில் முதலில் சொன்னவளும் செபொலாய்தான். இன்னும் பத்து நாள். பத்தே நாள்.

"எதுக்கு இவ்வளவு பேச்சு?" என்றான் சிகோண்டி. "டவர் நிக்கறதுக்குள்ள நீங்களே கூப்பிட்டுச் சொல்லிடுங்க. புதுப் போன் வாங்குங்கன்னு."

"நீ உன் திருப்புளியைப் பாருப்பா. குடும்ப விஷயத்துல மூக்கை நுழைக்காதே."

மூக்கைப் பற்றிச் செபொலாய் பேசியதில் சிகோண்டிக்கே திகைப்பு. மாபுலா குலுங்கிச் சிரித்தாள்.

"தம்பி சொல்றதுதான் சரி. இன்னிக்கும் வந்திடுச்சு பாருங்க, இப்பத்தான், நீங்க தண்ணி குடிக்கப் போனப்ப, பத்து நிமிஷம் ஆகல. போன் கையிலதான் வெச்சிருப்பாரு."

"கூப்பிட்டு என்னடி சொல்லுவே?"

மாபுலா யோசித்தாள். எண்ணெய்க் கறை படிந்த விரலால் போனைத் தடவினாள். "ஸ்பீக்கர் பேச்சை எடுக்க மாட்டேன். சாப்பிட்டீங்களான்னு கேப்பேன். இருமல் இருக்கான்னு கேப்பேன், சுரங்கத்துத் தூசி இல்லையா. அப்புறம்... வந்துடுங்கன்னு சொல்லுவேன். அவ்வளவுதான்க்கா. இதைச் சொல்ல எனக்கு ஒன்பது வருஷம்."

"வேணாம் மாபுலா."

"ஏன்க்கா? அவரு வந்துட்டா சாயங்காலம் உங்ககூட உக்காந்து ஊர்வம்பு பேச ஆள் இருக்காதேன்னு பயமா?"

செபொலாய் மாபுலாவின் போனைப் பிடுங்கக் கை நீட்டினாள்.

மாபுலா பொத்தானை அழுத்திப் போனைக் காதில் வைத்தாள். பிறகு புதுப்பெண்போல வெட்கப்பட்டாள். "மணி அடிக்குதுக்கா!"

அடித்தது, செபொலாயின் சட்டைக்குள்.

நாலு வருடத்துக்கு முன் ருஸ்டன்பர்க்கிலிருந்து திரும்பிய அவள் அண்ணன் மகன், "லெசிபாவைப் புதைச்சாச்சு அத்தை, இதை அவர் சம்சாரத்துக்கிட்ட குடுத்துடுங்க" என்று கையில் வைத்துவிட்டுப் போன போன் அது. கூப்பிடாதே என்று சொன்ன வாயால் அதைச் சொல்ல முடியாமல் வெள்ளிக்கிழமைதோறும் அதிலிருந்து ஒரு வரி அனுப்பி வந்தவளுக்கு, இத்தனை காலத்தில் ஒருமுறைகூட அடித்திராத அதன் சத்தத்தை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.