முதல் பக்கத்தில் கொலைகாரன்

"கையும் களவுமா மாட்டினீங்களா!"

புதுச் செயலாளர் போட்ட சத்தத்தில் வாசகசாலையே நிமிர்ந்து பார்த்தது.

கிழிந்த புத்தகங்களை ஒட்டி அட்டை போடும் அட்டையக்கா, கடைசி அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துப்பறியும் நாவல். கையில் மூடி திறந்த பேனா.

இரண்டு மாதமாக நடக்கும் அக்கிரமம் இது. துப்பறியும் நாவலின் முதல் பக்கத்திலேயே யாரோ 'கொலைகாரன் இன்னார்' என்று ஊதா மையில் எழுதிவிடுகிறார்கள். அதற்குமேல் அதைப் படிப்பதும் ஒன்றுதான், டெலிபோன் டைரக்டரியைப் படிப்பதும் ஒன்றுதான்.

அக்காவின் பேனா முனையிலும் அதே ஊதா.

"அக்கா, நீங்களா?" புத்தகம் மாற்ற வந்திருந்த நர்ஸுக்கு ஆத்திரத்தில் குரல் உடைந்தது. "நாள் முழுக்க வார்டுல ஓடிட்டு வந்து, காலை நீட்டிக்கிட்டு, இவனா இருக்குமோ, அவளா இருக்குமோன்னு தவிக்கிறேனே, எனக்கு இருக்கற ஒரே சுகம் அதுதான். அதுலயா மண்ணைப் போட்டீங்க?"



"எந்தக் கதையா இருந்தாலும் முப்பதாம் பக்கத்துலயே குற்றவாளியைப் பிடிச்சிடற ஆளு நான். என்கிட்டயேவா?" என்றார் செயலாளர்.

இதை அவர் சொல்லாத நாளில்லை. புது நாவல் வந்தால் அவர் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் அலமாரிக்கே வரும்.

மேஜையில் உட்கார்ந்து ஒரு தாளை இழுத்தார். விறுவிறுவென்று நாலு வரி, கீழே ஒரு கையெழுத்து.

"இன்னையோட உங்க வேலை முடிஞ்சுது. சாவியை வெச்சிட்டுக் கிளம்புங்க."

அக்கா கடிதத்தை வாங்கினாள். ஒன்பது வருட வேலை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷனுக்கும் படிக்கிற மகளுக்கும் இந்த ஒரு சம்பளம்தான். கடிதத்தை ஒருமுறை படித்தாள். என்ன நினைத்தாளோ, வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு முறை பார்த்தாள்.

நர்ஸுக்குப் பாவமாகத்தான் இருந்தது. கோபம் விடவில்லை.

"இதுல யாரை எழுதியிருக்கீங்க? காட்டுங்க. எப்படியும் கெட்டுப்போன புக்குதானே!"

பிடுங்கி முதல் பக்கத்தைப் பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கொலைகாரன் டாக்டர். கொலைகாரி டாக்டரின் மனைவி. கொலைகாரன் தோட்டக்காரன். கொலைகாரன் வக்கீல். கொலைகாரி சமையல்காரி... மேலும் கீழும் ஓரத்திலுமாக ஒன்பது பேர். எல்லாம் ஒரே ஊதா.

"என்னக்கா இது? வீட்டு நாயைத் தவிர ஒருத்தரையும் விடலையே!"

"யாரோ நிஜமான ஆளை எழுதிடறாங்கம்மா. பிளேடால சுரண்டினா பேப்பர் ஓட்டையாகுது. கிழிச்சா பின்பக்கத்துக் கதை போயிடுது. அதான் கடை கடையா அலைஞ்சு இதே கலர் மை வாங்கி, மிச்சப் பேரையும் எழுதிட்டேன். இப்ப இதுல எது நிஜம்னு யாருக்குத் தெரியும்?"

"கதையில வர்ற அத்தனை பேரும் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முழுசாப் படிச்சேன். கெட்டுப்போன ஆறு புக்கையும் எடுத்து வெச்சுப் படிச்சேன். இதுதான் கடைசி. திங்கட்கிழமை அலமாரியில வெச்சிடலாம்னு இருந்தேன்." அக்காவுக்குக் கண் கலங்கியது. "எனக்கும் துப்பறியும் கதைன்னா உசுரும்மா. ஆறும் எனக்குக் கெட்டுப்போச்சு. உங்களுக்காவது கெடாம இருக்கட்டுமேன்னுதான்."

நர்ஸுக்குத் தன் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

"கதை விடறாங்க! நம்பாதீங்க!" என்றார் செயலாளர். குரலில் பழைய சுருதி இல்லை.

"அப்போ முதல்ல எழுதினது யாருக்கா?"

"அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் எனக்கும் தெரியாதும்மா."

"இப்போ தெரியுமா? சொல்லுங்க!"

அக்கா பேனாவை மூடினாள்.

"குற்றவாளி யாருன்னு அடுத்தவங்க சொல்லக் கூடாதும்மா. நீங்களே படிச்சுத் தெரிஞ்சுக்குங்க" என்று வேலைநீக்கக் கடிதத்தை நீட்டினாள்.

அதில் ஊதா மை இன்னும் காயவில்லை.