நூற்றெண்பத்து நான்கு பெயர்கள்

"கிருபாகரன், இஞ்ச வாரும்! இந்தக் கட்டில ஒரு ஆம்பிளையின்ர பேரைக் காட்டும், பாப்பம்!"

பிரிவுத் தலைவி செல்வநாயகி மேடம் வரைபடக் கட்டைத் தொப்பென்று மேசையில் போட்டார். பக்கத்தில் பணிப்பாளர் ஹாஷிம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். பதுளை பஸாரில் மாடியொன்றில் இருந்த அந்த வீடமைப்பு அலுவலகமே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

கிருபாகரன் தாள்களைப் புரட்டினான். மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை அறைகளில் வாழும் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கட்டப்போகும் தனி வீடுகளின் காணி வரைபடங்கள். குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம், ஒரு தாள். 'உரிமையாளர்' என்ற இடத்தில் ராக்கம்மா, அகஸ்டினா, பூவாயி, ஜெயந்தினி என்று போய்க்கொண்டே இருந்தது.

"எல்லாம் பொம்பளைங்க பேரா இருக்குங்க மேடம்..."

"அதைத்தான் நானும் கேக்கிறன்! குடும்பத் தலைவரின்ர பேரெல்லோ வரவேணும்?"

அவன் படவரைஞனாகச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. கணினியில் ஒவ்வொரு தாளாக வரைந்தால் நாளைக்கு மூன்று முடிப்பதே பெரிய காரியம். ஒரே நாற்சதுரம், ஒரே எழுத்து, அளவும் பெயரும் மட்டும் வேறு. சலித்துப்போய் அவன்தான் ஒரு வழி கண்டுபிடித்தான். தோட்டத்துப் பட்டியலை எக்செலில் ஏற்றி, நீளம், அகலம், எல்லை, பெயர் எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தால் கோத்து, ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளுக்குப் புரியும் கட்டளை வரிகளாக மாற்றினான். அந்தக் கோப்பைக் கொடுத்ததும் கோடுகள் தாமாக ஓடின. நூற்றெண்பத்து நான்கு வரைபடங்களும் ஒரே பகலில் முடிந்தன. அன்று அவனருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவர் இதே செல்வநாயகி மேடம்தான்.

பட்டியலில் 'சி' நிரலில் கணவன் பெயர், 'டி' நிரலில் மனைவி பெயர். சூத்திரம் 'சி'யை எடுக்க வேண்டிய இடத்தில் 'டி'யை எடுத்திருந்தது. ஒரே ஓர் எழுத்து.

"நான் வேற எல்லாத்திலயும் கையெழுத்து வச்சிட்டேன்" என்றார் ஹாஷிம் எரிச்சலோடு. "ஒவ்வொண்ணிலயும் ஒரு பிரதி தோட்டத்துக்குப் போயாச்சு. அங்க கங்காணி மாடசாமி காலையிலயே ஃபோன் எடுத்துக் கத்துறார். திரும்பச் செய்ய எத்தனை நாளாகும்?"

கிருபாகரன் வாயைத் திறக்கும் முன் வாசலில் ஒரு குரல் கேட்டது.

"வணக்கமுங்க. உள்ள வரலாமுங்களா?"

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கையில் சுருட்டிய வரைபடம். விடியற்காலை பஸ்ஸில் புறப்பட்டு வந்திருக்கிறாள்.

"எம் பேரு அகஸ்டினாங்க. இதுல எம் பேருதான் இருக்குன்னு மக வாசிச்சுச் சொன்னா. கங்காணியாரு, அது ஆபீசுல தப்பா அடிச்சது, மாத்தி வரும்னு சொல்றாரு. நெசமாங்க?"

அவள் சுருளை மேசையில் விரித்தாள்.

"அவரு கொழும்புக்குப் போயி நாலு வருசமாச்சுங்க. அங்க வேற குடும்பமாயிட்டாரு. பேரு மட்டுந்தான் தோட்டத்து லிஸ்டுல நிக்கிது. வீடும் அவரு பேருக்குப் போனா, நாளைக்கு வந்து வெளிய போன்னு சொன்னா, மூணு பொம்பளப் புள்ளைகள வச்சிக்கிட்டு நான் எங்கிட்டுங்க போறது?"

ஹாஷிம் தாடையைத் தடவினார். "கிருபாகரன், கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. எத்தனை நாள்?"

எழுத்தை மாற்ற அரை நிமிடம். பின்னேரத்துக்குள் அத்தனையும் பிளொட்டரில் அச்சாகிவிடும். கிருபாகரன் அந்தப் பெண்ணைப் பார்த்தான்.

"மூணு மாசம் ஆகும் சார். ஒவ்வொண்ணா வரையணும்."

சொன்ன பிறகுதான் மேடம் நிற்பது நினைவுக்கு வந்தது. உண்மை தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஒரு சொல் போதும், அவன் வேலை போய்விடும்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓம் சேர். மூண்டு மாசம் வேணும். அடிக்கல் வைக்கிற திகதியும் பிந்திப் போகும். விதியில 'தோட்டத்தில் பதிவுள்ள தொழிலாளி' எண்டுதான் கிடக்கு. ஆம்பிளை எண்டு எங்கயும் இல்லை. இவை எல்லாரும் பேர் பதிஞ்சு கொழுந்து எடுக்கிற ஆக்கள்தானே?"

ஹாஷிம் கட்டைப் பார்த்தார். நூற்றெண்பத்து நான்கிலும் அவருடைய கையெழுத்து.

"அப்ப இப்படியே இருக்கட்டும். மாடசாமிக்கு நான் சொல்லிக்கிறேன்" என்று தன் அறைக்குப் போனார்.

"எம் பேருதானுங்களா அப்ப?" என்று இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, அகஸ்டினா படியிறங்கினாள். பாதி வழியில் அவள் சிரித்தது மேலே கேட்டது.

மாலையில் ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றின் பட்டியல் வந்தது. கிருபாகரன் கணினி முன் உட்கார்ந்து சூத்திரத்தைத் திறந்தான். மேடம் பின்னால் வந்து நின்றார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். அரை நிமிச வேலைய மூணு மாசம்னு சொல்லிட்டேன். இதுலயாவது எழுத்தச் சரியாப் போட்டுடுறேன். ஆனா ஒண்ணு மட்டும் வெளங்கல. 'சி'ன்னு அடிச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எப்படி 'டி' ஆச்சுன்னு..."

"அதைத் தொடாதேயும்."

மேடம் பணிப்பாளரின் மூடிய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பெண்களின்ர பேரில குடுங்கோ எண்டு மேலிடத்துக்கு ரெண்டு தரம் எழுதிக் கேட்டனான். பதிலே வரேல்ல. நீர் 'சி' எண்டுதான் அடிச்சனீர், தம்பி. 'டி' ஆக்கினது நான்."