எண்ணெய் விரல்

பிஸ்கட்டவே நகரக் கிளினிக்கின் அந்தச் சின்ன அறையில் சமோசா வாடை குமட்டுகிறது. ஷைலினின் மடியில் கருத்தடை ஆபரேஷனுக்கான சம்மதப் படிவம். கருக்குழாய்களை எடுத்துவிட்டால் எடுத்ததுதான், திரும்பப் பொருத்த முடியாது, ஆண்களுக்கென்றால் கால் மணி நேர வேலை என்று சொல்லிவிட்டு டாக்டர் இப்போதுதான் வெளியே போகிறாள். ஆண்களுக்கென்று அவள் கொடுத்துவிட்டுப் போன பிரசுரத்தில் ஷைலினின் கணவன் கிங்ஸ்லி சமோசா தின்ற விரல்களைத் துடைத்துக்கொள்கிறான். "சண்டே எனக்கு கிரிக்கெட் செமி ஃபைனல் இருக்குல்ல? நீ ரெண்டு சிசேரியன் பார்த்தவ. உனக்குப் பழக்கம்தானே." அவன் பல்லிடுக்கில் மசித்த பட்டாணி பச்சையாக மின்னுகிறது. 'யாராவது உங்களை வற்புறுத்துகிறார்களா?' என்று கேட்கிறது படிவம். "நோ டிக் பண்ணிட்டு இங்க சைன் பண்ணு" என்று கட்டைவிரலை ஊன்றிக் காட்டுகிறான். விரல் எடுத்த இடத்தில் காகிதம் எண்ணெயைக் குடித்து, அடியிலிருக்கும் தாள் தெரிகிறது. அவள் அங்கே பேனாவை வைக்கிறாள்; மை பிடிக்காமல் வழுக்குகிறது. "நல்லா அழுத்தி எழுது, ஷைலி." அவள் பேனாவை மேலே கொண்டுபோய், எண்ணெய் படாத 'யெஸ்' கட்டத்தில் நன்றாக அழுத்தி டிக் போடுகிறாள்.